மாமனாரின் காது இரைச்சலும் பக்கத்துக் கோபுரமும்

கேள்வி: பள்ளத்தூருக்கு அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். 70 வயதான என் மாமனார் தேவகோட்டையில் 30 ஆண்டுகள் அரிசி ஆலை நடத்தியவர். சென்ற ஆண்டு எங்கள் வீட்டிலிருந்து ஏறத்தாழ 60 மீட்டரில் கைப்பேசிக் கோபுரம் அமைத்தார்கள். அதன் பிறகு அவருக்கு இரண்டு காதுகளிலும் ஓயாத இரைச்சல், தூக்கம் குறைந்துவிட்டது, மாத்திரை சாப்பிட்டும் இரத்த அழுத்தம் 160க்குக் கீழே இறங்கவில்லை. திருவிழா நாட்களில் முகப்புக்கு எதிரே கம்பத்தில் கட்டும் ஒலிபெருக்கி அதிகாலை நான்கரைக்கே தொடங்கிவிடும். அது எங்களுக்குப் பழகிவிட்டது. கதிர்வீச்சுதான் காரணமா? தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா? வீட்டைப் பூட்டிவிட்டுக் காரைக்குடிக்குக் குடிபோவது நல்லதா?

பதில்: உங்கள் கடிதம் முழுவதும் கோபுரத்தைப் பற்றிய அச்சமே நிறைந்திருக்கிறது. ஆனால் போகிற போக்கில் நீங்கள் சொல்லியிருக்கும் இரண்டு செய்திகள்தாம் என்னைக் கவலைகொள்ள வைக்கின்றன. ஒன்று, 30 ஆண்டு அரிசி ஆலை. மற்றொன்று, ஒலிபெருக்கி 'பழகிவிட்டது' என்பது.

நெல்லின் உமியை நீக்கும் ஹல்லர் இயந்திரம் ஓடும் ஆலைக்குள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது என்றால், அங்கே ஒலி 85 டெசிபலை (ஒலியின் அளவைக் குறிக்கும் அலகு) தாண்டியிருந்தது என்று கொள்ளலாம். அந்த அளவில் நாளொன்றுக்கு 8 மணி நேரம்தான் எல்லை. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் காது தாங்கும் நேரம் பாதியாகக் குறைவதால், 94 டெசிபலில் ஒரு மணி நேரமும் 100 டெசிபலில் 15 நிமிடமுமே பாதுகாப்பானவை. உள்காதில் ஒலியை உணரும் மயிர்ச் செல்கள் பிறக்கும்போது ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. அழிந்தால் அவை மீண்டும் முளைப்பதில்லை. பேரொலி முதலில் 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான உயர்சுருதியைக் கேட்கும் திறனைத்தான் பறிக்கும் என்பதால், பேச்சு காதில் விழும், ஆனால் 'கடை', 'தடை', 'படை' ஆகியவற்றுள் எதைச் சொன்னார்கள் என்று பிரித்தறிய முடியாது. பேரக்குழந்தைகள் பேசுவது புரியவில்லை, தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டச் சொல்கிறார் என்றால், இந்தக் குறை வெகுகாலமாகவே இருந்திருக்கிறது. பல ஆண்டுகள் வெளியே தெரியாதிருந்த இழப்பின் மேல் முதுமையின் இழப்பும் சேரும்போது, வந்து சேராத ஒலிக்கு ஈடாக மூளை தானே ஓர் இரைச்சலை எழுப்பிக்கொள்கிறது. அது கோபுரம் வந்த ஆண்டிலேயே வெளிப்பட்டது தற்செயல் என்றே கருதுகிறேன்.

ஒலி பழகிவிட்டது என்பது மனத்துக்கு மட்டுமே உண்மை. இதயமும் இரத்தக் குழாய்களும் அதற்குப் பழகுவதில்லை. விழிக்காமல் உறங்குபவரின் உடலிலும் இரவுநேரப் பேரொலி அட்ரினலின், கார்ட்டிசோல் ஆகிய பதற்ற ஹார்மோன்களைச் சுரக்கச் செய்து, நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்துகிறது. நீடித்த இரைச்சலுக்கும் மாரடைப்புக்கும் உள்ள தொடர்பை உலக சுகாதார நிறுவனமும் சுட்டிக்காட்டியிருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. அந்நேரத்தில் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்கென மாநில அரசு ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் தரக்கூடிய விலக்கும் நள்ளிரவு 12 மணியோடு முடிந்துவிடும். ஆகவே உங்கள் நான்கரை மணிக்கு விதியில் இடமே இல்லை.

கோபுரத்துக்கு வருகிறேன். அது அனுப்பும் ரேடியோ அலைகளுக்கு எக்ஸ்ரேயைப் போல மரபணுவைச் சிதைக்கும் ஆற்றல் கிடையாது. 2011இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இவ்வலைகளைப் 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் வைத்தது உண்மை. அதற்கு அடிப்படையாக இருந்தவை பெரும்பாலும் காதோடு ஒட்டிப் பிடிக்கும் கைப்பேசியைப் பற்றிய ஆய்வுகள். தொலைவு இரட்டித்தால் அலையின் செறிவு நான்கில் ஒரு பங்காகிவிடும். சிக்னல் குறைந்த இடத்தில் கைப்பேசிதான் தன் ஆற்றலைக் கூட்டிக்கொள்கிறது. எனவே நீண்ட பேச்சுகளுக்கு ஸ்பீக்கரைப் பயன்படுத்துங்கள். இந்தியா 2012இல் கோபுரங்களுக்கான வரம்பைப் பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. உங்கள் கோபுரத்தின் நிலையைத் தொலைத்தொடர்புத் துறையின் 'தரங் சஞ்சார்' இணையதளத்தில் பார்க்கலாம். அதன் அடியில் டீசல் ஜெனரேட்டர் இருந்து, மின்தடை இரவுகளில் அது ஓடுகிறதென்றால், அந்தச் சத்தத்தைப் பற்றித் தயங்காமல் புகார் செய்யுங்கள். அந்தக் கோபுரத்தால் உறக்கம் கெடுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

நீங்கள் கேட்கும் சி.டி. ஸ்கேன்தான் செல்களைத் தாக்கவல்ல கதிர்வீச்சு. தலைக்கு ஒருமுறை எடுக்கும்போது படும் கதிர்வீச்சு, மார்புக்கு எடுக்கும் எக்ஸ்ரேயைப் போலப் பல மடங்கு. தேவைப்படும் நோயாளிக்கு அது உயிர் காக்கும். மனநிம்மதிக்காக எடுக்க வேண்டியதில்லை. அவருக்கு முதலில் வேண்டியது காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் கேள்திறன் சோதனை. அதில் கதிர்வீச்சே இல்லை. காதுக் கருவி பொருத்திய பலருக்கு இரைச்சலும் தணிவதைக் கண்டிருக்கிறேன். காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். அவர் உண்ணும் மாத்திரைகளின் பட்டியலையும் கொண்டுசெல்லுங்கள். ஆஸ்பிரின் போன்ற சில மருந்துகள் அளவு கூடும்போது இரைச்சலை மிகைப்படுத்தும். ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடியோடு சேர்ந்து துடிக்கும் ஒலி, தலைசுற்றல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் தள்ளிப்போடக் கூடாது. திடீரெனக் காது அடைத்துக் கேட்காமல் போனால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சிகிச்சை சில நாட்கள் தாமதித்தாலும் கேள்திறன் திரும்பாமல் போகலாம்.

வீட்டைப் பூட்ட வேண்டாம். காரைக்குடியில் பேருந்துச் சாலையோரத்து வீட்டில் கிடைக்காத அமைதி உங்கள் வீட்டின் உள்ளேயே இருக்கிறது. மாமனார் முகப்பில் படுக்கிறார் என்றால், வீட்டின் உட்பகுதியான இரண்டாங்கட்டு அறைக்கு மாற்றுங்கள். தடித்த சுவர்களும் இடையிலுள்ள வளவும் (நடு முற்றம்) தெருவின் ஒலியைப் பெரிதும் தடுக்கும். திருவிழா நாட்களில் பஞ்சுக்குப் பதிலாக நுரைக் காதடைப்பான் பயன்படுத்தட்டும். ஊர்ப் பெரியவர்களிடம் பேசி, கூம்பு ஒலிபெருக்கியை வீடுகளை நோக்காமல் திருப்பவும், கோயில் வாசலில் தாழ்வாகச் சிறு பெட்டிகளை வைக்கவும் கேளுங்கள். அம்மன் பாட்டு நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இரத்த அழுத்த மாத்திரையை எக்காரணம் கொண்டும் நிறுத்தாமல், காலையும் மாலையும் அளந்து ஒரு நோட்டில் குறித்துவாருங்கள். அறை மாற்றிய இரண்டு வாரங்களுக்குப் பிறகும் 160 குறையவில்லை என்றால், அந்த நோட்டுடன் அவருடைய மருத்துவரைச் சந்தித்து மருந்தை மாற்றிக்கொள்ளுங்கள்.