பழைய எஞ்சினைக் கட்டி அழுவது ஏன்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலை காரணமாக கான்சாஸ் மாநிலத்தின் ஒரு சிற்றூருக்கு வந்திருக்கிறேன். விசிட்டாவிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். உடன் வேலை பார்ப்பவர், பழைய கார்களை மாற்றிக் கட்டும் இங்குள்ள ஹாட் ராட் கிளப்பில் இருக்கிறார். சனிக்கிழமைதோறும் ஒரு தகரக் கொட்டகையில் கூடி, 1931 ஃபோர்டு மாடல் ஏ கூப் (இரண்டு கதவுக் கார்) ஒன்றில் நாற்பதுகளின் எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினைப் பொருத்தப் பார்க்கிறார்கள். மூன்று மாதமாக அந்த எஞ்சினைச் சுரண்டிக்கொண்டே இருக்கிறார்கள்! கடையில் விற்கும் புது எஞ்சினை வைத்தால் வண்டி என்றோ ஓடியிருக்குமே, எதற்கு இதைக் கட்டி அழ வேண்டும்? என்னையும் வரச் சொல்கிறார்கள். எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அங்கே எனக்கு என்ன வேலை இருக்கும்?

கே.

அன்புள்ள கே.,

மூன்று மாதச் சுரண்டல் அதிகமே இல்லை. அந்த எஞ்சினில் வேறு எதைவிடவும் முக்கியமான வேலை அதுதான்.

ஃபோர்டு 1932இல் கொண்டுவந்த ஃபிளாட்ஹெட் வி8, 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். உங்கள் கிளப்பில் இருப்பது 1946-48 வகையாக இருந்தால் 239 கன அங்குலம், 100 குதிரைத்திறன். இதில் வால்வுகள் ஹெட்டில் (சிலிண்டர்களின் மேல்மூடியில்) இல்லை, பிளாக்கின், அதாவது எஞ்சினின் இரும்பு உடலின், நடுப்பள்ளத்தில் இருக்கின்றன. அதனால் எரிந்த புகை நேராக வெளியேற வழியில்லை. சிலிண்டர்களுக்கு இடையே, தண்ணீர் ஓடும் அறைகளைக் கடந்து பிளாக்கின் வெளிப்பக்கம் வந்து சேர வேண்டும். ஒரு பக்கத்தில் நான்கு சிலிண்டருக்கு மூன்றே வாசல்; நடுவில் இருக்கும் இரண்டும் ஒன்றைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. புகையின் சூட்டையெல்லாம் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. ஃபிளாட்ஹெட் கொதிக்கும் என்ற பெயர் வந்தது இதனால்தான்.

ஆனால் நன்றாகச் சுத்தம் செய்த பிளாக், நல்ல ரேடியேட்டர் இருந்தால் கோடையிலும் கொதிக்காது. கொதிக்கிற வண்டிகளில் பெரும்பாலும் குற்றவாளி, பிளாக்கை வார்த்தபோது உள்ளே தங்கிவிட்ட அச்சு மணல். அதன் மேல் எண்பது வருடத் துரு, போர்வெல் தண்ணீர் ஊற்றிய பாய்லரின் அடியில் உப்பு கட்டுவதுபோல் இறுகியிருக்கும். ரேடியேட்டரை எத்தனை முறை மாற்றினாலும் அது போகாது. வளைத்த கம்பி, பழைய ஸ்டீல் கேபிள், காற்றுக்குழாய் ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொரு துளை வழியாகவும் குத்திக் குத்தி எடுக்க வேண்டும். பிறகு காரத் தொட்டியில் ஊறல், மறுபடியும் சுரண்டல். இரண்டாவது முறையும் ஒரு கைப்பிடி கொட்டினால் ஆச்சரியப்படாதீர்கள்.

அதற்குப் பிறகுதான் விரிசல் சோதனை. காந்தமாக்கி இரும்புத்தூள் தூவினால் விரிசல் கோடாகத் தெரியும். தண்ணீர் அறைகளை அடைத்துக் காற்றழுத்தம் கொடுத்தும் பார்ப்பார்கள். விரிசல் விழும் இடங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை: வால்வு உட்காரும் சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே, தண்ணீர்த் துளையிலிருந்து ஸ்டட் (ஹெட்டை இறுக்கும் மரைத்தண்டு) துளைக்கு. ஸ்டட் பக்கத்துச் சிறு விரிசலை மரையுள்ள ஊசிகளை வரிசையாக இறக்கித் தைத்துவிடலாம். சிலிண்டருக்குள் இறங்கிய விரிசலுக்கு ஸ்லீவ் (உள்குழாய்) போட வேண்டும். சில சமயம் பிளாக்கையே கைகழுவ வேண்டியதுதான். அவசரக்காரர்கள் முதலில் போரிங் (சிலிண்டரைக் குடைந்து அகலமாக்குவது) செய்துவிட்டு அப்புறம் சோதிக்கிறார்கள். போரிங் கூலி தண்டம்.

போரிங்கிலும் ஆசைக்கு அளவு வேண்டும். 1949-53 மெர்குரி காரின் 4 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) கிராங்கைப் போட்டு, 3-3/16 அங்குல போரை (சிலிண்டரின் விட்டத்தை) அப்படியே விட்டால் 255 கன அங்குலம். போரை 3-5/16 ஆக்கினால் 276. அதற்கு மேலும் போகிறவர்கள் உண்டு. வார்ப்பின்போது அச்சு கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் ஒரு பக்கச் சுவர் மெலிந்திருக்கும் என்பதால் சுவரின் கனத்தை அல்ட்ராசோனிக் கருவியால் அளந்துவிட்டுத்தான் போக வேண்டும். சாலையில் ஓட்டும் வண்டிக்கு 276 தாராளம்.

ஹெட் மாட்டும்போது ஒரு பக்கத்துக்கு 24 ஸ்டட். அவற்றின் துளைகள் தண்ணீர் அறைக்குள் திறக்கும், ஆகவே மரையில் சீலன்ட் தடவாவிட்டால் ஸ்டட் வழியே தண்ணீர் ஏறி வரும். அலுமினிய ஹெட் என்றால் சுமார் 40 ஃபுட்-பவுண்ட், மூன்று தவணையாக, நடுவிலிருந்து வெளியே முறுக்க வேண்டும். முதல் முறை சூடேற்றிய பிறகு, முழுக்க ஆறவிட்டு, மறுபடி ஒரு சுற்று.

புது எஞ்சின் ஏன் கூடாது என்ற கேள்விக்கு வருகிறேன். கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பழைய உடலுக்குள் புது எஞ்சின், ஏசி எல்லாம் வைத்து ஓட்டுபவர்கள் ஸ்ட்ரீட் ராட்காரர்கள். அது வேறு கூட்டம், நல்ல வண்டிகள்தான். மரபு ஹாட் ராட் என்பது ஒரு வருடக் கோடு போட்டு விளையாடும் ஆட்டம். ஐம்பதுகளிலோ அறுபதுகளின் தொடக்கத்திலோ ஓர் இளைஞன் பழைய இரும்புக் கடையில் எதைக் கழற்றி வந்திருக்க முடியுமோ, அதை மட்டும் வைத்துக் கட்ட வேண்டும். அந்தக் காலத்து ஃபோர்டு பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துவதால்தான் இந்த ஆட்டமே நடக்கிறது. மாடல் ஏயில் கம்பியால் இழுக்கும் பிரேக். ஃபோர்டு ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறியது 1939இல்தான். எனவே 1939-48 பிரேக்கை ஸ்பிண்டிலோடு (முன்சக்கரம் சுழலும் அச்சோடு) கழற்றி மாடல் ஏயில் ஏற்றுகிறார்கள். எஞ்சினுக்கு முன்பே முடிய வேண்டிய வேலை இது.

முன் ஆக்சிலைக் கவனித்துப் பாருங்கள். குறுக்கே ஒரே ஒரு கமான் பட்டை. ஆக்சிலைப் பின்னால் இழுத்துப் பிடிப்பது வி வடிவத் தண்டு, விஷ்போன். அதன் நுனி வண்டியின் நடுவில் ஒரே பந்து மூட்டில் உட்கார்ந்திருக்கும். எஞ்சினும் கியர்பாக்ஸும் மாறும்போது அந்த இடத்துக்கு இடைஞ்சல் வருவதால் தண்டை இரண்டாக அறுத்து, இரண்டு நுனியையும் வண்டிச் சட்டத்தின் (சேசிஸ்) இரு பக்கமும் மாட்டுகிறார்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் உயர்ந்தால், முன்சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின்னின் பின்சாய்வு, அதாவது கேஸ்டர், குறைந்துவிடும். அது 5 முதல் 7 டிகிரி இருக்க வேண்டும். வண்டி தன் முழு எடையோடு டயரில் நிற்கும்போது அளந்த அளவுதான் அளவு. எஞ்சின் இல்லாமல் ஸ்டாண்டில் நிற்கும்போது அளந்து வெல்டிங் வைத்தால் வேலை இரண்டு தடவை. கேஸ்டர் குறைந்த வண்டி நேராகப் போகாது. முன்சக்கரம் படபடவென்று ஆடினால் கிங்பின் புஷ், இரு சக்கரங்களையும் இணைக்கும் டை ராட்டின் முனை, டயரின் வட்டம் மூன்றையும் பாருங்கள். ஸ்டீயரிங் டேம்பர் ஒன்றை மாட்டினால் ஆட்டம் அடங்கும், நோய் அப்படியே இருக்கும். டோ-இன், அதாவது முன்சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கியிருக்கும் அளவு, 1/16 முதல் 1/8 அங்குலம் போதும்.

இரட்டை ஸ்ட்ராம்பெர்க் 97 கார்புரேட்டர் வைக்கிறார்கள் என்றால் பெட்ரோல் அழுத்தம் 2.5 பி.எஸ்.ஐ. அளவில் இருக்கட்டும். கடையில் வாங்கும் எலக்ட்ரிக் பம்பில் பல 5, 7 என்று தள்ளும். மிதவை ஊசியால் தாங்க முடியாது. பெட்ரோல் வழிந்து சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவிவிடும், தீயும் பிடிக்கலாம். அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் கட்டாயம்.

பழைய 6 வோல்ட் மின்னமைப்பையே வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்றால் இன்னொன்று. அதே வேலைக்கு இரண்டு மடங்கு கரண்ட் பாயும். 12 வோல்ட் வண்டிக்கான மெல்லிய பேட்டரி கேபிளைப் போட்டால் சூடான எஞ்சின் ஸ்டார்ட் ஆக முக்கி முனகும், உடனே பேட்டரியைக் குறை சொல்வார்கள். 1/0 தடிமன் கேபிள் வேண்டும், எர்த் பிடிக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிட வேண்டும். அந்தக் கால ஃபோர்டில் எர்த் ஆவது பாசிட்டிவ் முனை என்பதையும் நினைவில் வையுங்கள்.

தோற்றத்தையே மாற்றிக் கட்டும் கஸ்டம் கார்கள் தனி உலகம். 1949-51 மெர்குரியின் கூரையை வெட்டித் தாழ்த்தி, மூட்டுகளை ஈயத்தால் நிரவுவார்கள். கோடையில் உங்கள் மாநிலத்துச் சலைனா நகரில் நடக்கும் கண்காட்சிக்குப் போனால் வரிசையாகப் பார்க்கலாம். 70 பங்கு ஈயம், 30 பங்கு வெள்ளீயம் கலந்த கட்டி 183 டிகிரி செல்சியஸிலிருந்து ஏறத்தாழ 250 வரை களிம்புப் பதத்தில் இருக்கும். அந்த இடைவெளியில்தான் எண்ணெய் தடவிய மரத் துடுப்பால் தேய்க்க முடியும். முடிந்ததும், ஈயம் ஒட்டுவதற்காகத் தடவிய ஃபிளக்ஸின் அமிலத்தைச் சமையல் சோடாத் தண்ணீரால் கழுவாவிட்டால் சில மாதத்தில் பெயின்ட் கொப்பளிக்கும். ஈயத்தை அரம் போட்டுத்தான் தேய்க்க வேண்டும், மெஷின் சான்டிங் தூசியை நுரையீரலுக்கு அனுப்பும். முகமூடி போடுங்கள், கை கழுவாமல் சாப்பிடாதீர்கள்.

உங்கள் மாநிலத்துக்கு இதில் ஒரு பெருமை உண்டு. 1951இல் தொடங்கிய தேசிய ஹாட் ராட் சங்கம் 1955இல் தன் முதல் நேஷனல்ஸ் போட்டியை நடத்தியது கிரேட் பெண்டில், இரண்டாம் உலகப்போரில் பி-29 குண்டுவீச்சு விமானங்களுக்காகப் போட்ட ஓடுதளத்தில். மழை கெடுத்ததால் இறுதிச் சுற்றுகளை அரிசோனாவில் முடித்தார்கள். தெருவில் பந்தயம் விடுகிறார்கள் என்ற புகாருக்கு அன்றைய கிளப்புகள் கண்ட பதில், சும்மா கிடந்த ஓடுதளங்கள்.

உங்களுக்கு வேலை நிறையவே இருக்கும். முதலில் சுரண்டல். பிறகு, கழற்றிய போல்ட்டுகளை டப்பாவில் போட்டு எங்கிருந்து வந்தது என்று எழுதி ஒட்டுவது. இதைப் பொறுமையாகச் செய்கிறவருக்கு எந்தக் கொட்டகையிலும் மரியாதை. பிரேக்கில் காற்று எடுக்கும்போது பெடலை மிதித்துப் பிடிக்கச் சொல்வார்கள். கீழே இருப்பவர் திருகை மூடிவிட்டேன் என்று சொல்லும்வரை காலை எடுக்காதீர்கள், எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போகும். பின்சக்கர ஹப்பைக் கழற்றச் சொன்னால் கிளப்பின் புல்லரைக் கேட்டு வாங்குங்கள். ஹப்பையே பிடித்து இழுக்கும் புல்லர் வேண்டும். டிரம் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் டிரம் கோணிவிடும். திரும்ப மாட்டும்போது நட்டை வலுவாக இறுக்காவிட்டால் பாரமெல்லாம் ஹப்பையும் ஆக்சிலையும் பூட்டும் சாவிக்கட்டையில் விழுந்து, அது அறுந்துபோகும். இப்படிப்பட்ட கருவிகளை ஆளுக்கொன்றாக வாங்காமல் பொதுவில் வைத்திருப்பதுதான் சிற்றூர்க் கிளப்பின் பாதிப் பயன்.

வண்டிகளின் பின்னால் தொங்கும், கிளப் பெயர் பொறித்த அலுமினிய வார்ப்புத் தகட்டை விலைக்குக் கேட்காதீர்கள். உறுப்பினர் ஆன பிறகு கொடுப்பார்கள்.

சீக்கிரமே உங்களுக்கும் ஒரு வண்டி வாங்கும் ஆசை வரும். துருப்பிடித்த உடலைச் சரிசெய்யலாம், உரிமைப் பத்திரம் இல்லாத வண்டிச் சட்டத்தைச் சரிசெய்வது பெரும்பாடு. இந்த ஃபோர்டுகளில் வண்டி எண் இடப்பக்கச் சட்டத்தின் மேல் அடித்திருக்கும், அதில் ஒரு பகுதி உடலுக்கு அடியில் மறைந்திருக்கலாம். முன்பணம் கொடுக்குமுன் கிளப்பில் விவரம் தெரிந்த ஒருவரை அழைத்துப் போய், அந்த எண்ணும் பத்திரத்தில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள்.