அரசு மின் வாரியத்தின் செயல்திறனை அரசே கண்காணிப்பதால் ஏதாவது பயன் உண்டா, தனியாரிடம் கொடுத்துவிட்டால் தீர்ந்துவிடாதா?

பயன் உண்டு. ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. மின் கட்டணம் ஏறிய கோபத்தில் கேட்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அந்தக் கோபம் நியாயமானதுதான்.

நான் ஒரு மாநில மின் வாரியத்தில் 31 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த மாநிலம், எந்த வட்டம் என்று சொல்லப்போவதில்லை. கூட வேலை பார்த்தவர்கள் சிலர் இன்னும் பணியில் இருக்கிறார்கள்.

கண்காணிக்க ஆளில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மின்சாரச் சட்டம் 2003-இன் கீழ் மாநில ஒழுங்குமுறை ஆணையம் வரவு செலவைப் பார்த்துக் கட்டணத்தை முடிவு செய்கிறது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் ஆட்கள் வருகிறார்கள். அவர்களின் அறிக்கை சட்டமன்றத்தின் பொது நிறுவனங்கள் குழுவுக்குப் போகிறது. 2015-இல் உதய், 2021-இல் ஆர்.டி.எஸ்.எஸ். என்று ஒன்றிய அரசும் இழப்பைக் குறைக்கச் சொல்லித் திட்டங்கள் போட்டது. இத்தனை பேரும் முதலில் பார்ப்பது ஒரே எண்ணைத்தான்: இழப்பு எத்தனை விழுக்காடு. துணை மின் நிலையத்திலிருந்து 100 யூனிட் போய், 85 யூனிட்டுக்குத்தான் பில் போட்டு, அதிலும் 95 விழுக்காடு பணம்தான் வசூலானால், கைக்கு வந்தது 80.75 யூனிட்டுக்கான காசு. மீதி 19.25 இழப்பு.

அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதை நான் உள்ளேயிருந்து பார்த்திருக்கிறேன்.

நான் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளராக இருந்தபோது என் பொறுப்பில் ஒரு 11 கேவி ஃபீடர் இருந்தது, அதாவது துணை மின் நிலையத்திலிருந்து ஊர் டிரான்ஸ்பார்மர்களுக்குப் போகும் 11,000 வோல்ட் லைன். வீடு, கடை எல்லாவற்றுக்கும் மீட்டர் உண்டு. 400 விவசாய பம்ப்செட்டுகளுக்குக் கிடையாது. மீட்டர் இல்லாமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது என்று அந்த 2003 சட்டமே 55-ஆம் பிரிவில் சொல்கிறது. நடைமுறை வேறு. பம்புக்கு 5 எச்.பி., மாதம் 150 மணி நேரம் என்று சூத்திரம் போட்டு, மொத்தம் 2,23,800 யூனிட் என்று எழுதுவோம்.

ஒரு ஐப்பசியில் நல்ல மழை. கிணறெல்லாம் நிரம்பி வழிந்தது, மோட்டார் போட ஆளில்லை. அந்த மாதம் ஃபீடருக்குள் வந்ததே 1,70,000 யூனிட்தான். வீடும் கடையும் 58,000. சூத்திரப்படி விவசாயத்தைச் சேர்த்தால் வந்ததைவிட விற்றது அதிகம்! "சார், மைனஸ்ல வருது" என்று கணக்கீட்டாளர் தாளைக் கொண்டுவந்து நீட்டினார். மேலதிகாரிக்கு போன் போட்டேன். "வழக்கம்போல இழப்பு 10 விழுக்காடு வர்ற மாதிரி போட்டு அனுப்புப்பா" என்றார். பின்னாலிருந்து கணக்குப் போட்டு, விவசாயம் 95,000 யூனிட் என்று நானே என் கையால் எழுதினேன். அதைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

அடுத்த ஆண்டு தணிக்கைக் குழு வந்தது. அதில் ஒருவர் பேரேட்டோடு நிற்கவில்லை. ஃபீடர் அறிக்கைகளை மாதவாரியாக மேஜையில் வரிசையாகப் பரப்பினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மழையிலும் 10, வெயிலிலும் 10. எப்படி சார்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இருந்ததைச் சொன்னேன்.

அவர் குறிப்பு எழுதியதால்தான் 12 டிரான்ஸ்பார்மர்களில் மாதிரி மீட்டர் மாட்டினோம். சில மாதம் ரீடிங் எடுத்ததில், ஒரு எச்.பி.க்கு மாதம் சுமார் 70 யூனிட்தான் வந்தது. சூத்திரம் சொன்னது கிட்டத்தட்ட 112. அந்த மீட்டர் கணக்கை வைத்துப் பார்த்தால் ஃபீடரின் உண்மையான இழப்பு 10 இல்லை, 20. விவசாயி ஓட்டாத மோட்டாரை அவன் கணக்கில் எழுதி எங்கள் ஓட்டையை அடைத்திருக்கிறோம்.

அந்த 20-ஐ அறிக்கையில் எழுதி அனுப்பினேன். முதலில் வந்தது மெமோ. "இழப்பு திடீரென இருமடங்கானது ஏன், விளக்கம் தருக." பொய் எழுதிய ஆண்டுகளில் ஒரு மெமோ வந்ததில்லை. எனக்கு ஆறாத இடம் இதுதான்.

ஆனால் அதே 20-தான் அந்த ஃபீடருக்கு வேலையும் வாங்கிக் கொடுத்தது. 10 விழுக்காடு என்று இருந்தவரை "நல்ல ஃபீடர்" என்று சொல்லி, சீரமைப்பு வேலைக்கு நாங்கள் அனுப்பிய செலவு மதிப்பீட்டைத் திருப்பி அனுப்பினார்கள். அங்கே 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர் ஒன்றிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தூரத்துக்கு 400 வோல்ட் கம்பி போயிருந்தது. கடைசித் தோட்டத்தில் வோல்டேஜ் கிடையாது, ஒவ்வொரு கோடையிலும் மோட்டார் காயில் எரியும். 11 கேவி லைனையே தோட்டங்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், 16, 25 கேவிஏ என்று சின்ன டிரான்ஸ்பார்மர்கள் வைத்தோம். மின்னழுத்தம் கூடினால் அதே சுமைக்குக் கரண்ட் குறையும். கரண்ட் பாதியானால் கம்பியில் சூடாகப் போகும் இழப்பு நாலில் ஒரு பங்காகிவிடும். இரண்டு ஆண்டில் இழப்பு 13-க்கு வந்தது. மீட்டர் பார்த்து எழுதிய 13. அந்தக் கடைசித் தோட்டத்துப் பெரியவர் பிரிவு அலுவலகத்துக்கே வந்து, "இந்தக் கோடையில மோட்டார் எரியல தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"உன் அனுபவம் ஒரு ஃபீடர், அதை வைத்து எல்லாம் சொல்லாதே" என்று யாராவது வருவீர்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஊழியர்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்பீர்கள். கொக்கி போட்டவனிடம் காசு வாங்கிக்கொண்டு போன ஆட்களையும் எனக்குத் தெரியும், அவர்களுக்காகப் பேசவில்லை. தனியார் என்கிறீர்கள். டெல்லியில் 2002-இல் தனியார் வந்தபின் பாதியளவு இருந்த இழப்பு 10-க்கும் கீழே போனது உண்மை. ஒடிசாவில் 1999-இல் கொடுத்து, 2015-இல் மூன்று நிறுவனங்களின் உரிமத்தை ஆணையமே ரத்து செய்ததும் உண்மை. குஜராத்தில் அரசு நிறுவனங்களே விவசாய ஃபீடரைத் தனியாகப் பிரித்தன. பிரித்தால் எது விவசாயம், எது இழப்பு என்று தெரியத் தொடங்கும். யார் கையில் இருந்தாலும் முதல் வேலை அதுதான்.

இன்னொன்று. இலவசம் அறிவித்தால் அந்தப் பணத்தை மாநில அரசு முன்கூட்டியே கட்ட வேண்டும் என்று சட்டத்தின் 65-ஆம் பிரிவு சொல்கிறது. என் பிரிவில் அரசு அலுவலக பில்களே மாதக்கணக்கில் நிலுவையில் நிற்கும். ஃப்யூஸ் பிடுங்கச் சொல்லி வரும் பட்டியலில் கூலிக்காரர் வீடு இருக்கும், அந்த அலுவலகம் இருக்காது. உரிமையாளரும் பாக்கிக்காரரும் கண்காணிப்பவரும் ஒருவரே என்பதில் எனக்கும் வருத்தம் உண்டு.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மாதாமாதம் நடந்த ஆய்வுக் கூட்டத்தில் வசூல், இழப்பு, எரிந்த டிரான்ஸ்பார்மர் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் இருந்தது. கம்பத்தில் ஏறுகிறவனுக்குக் கையுறை இருக்கிறதா என்பதற்கு இல்லை. என்னிடம் ஒப்பந்த வேலைக்கு வந்த ஒரு பையன், லைன் ஆஃப் ஆகிவிட்டது என்று யாரோ சொன்னதை நம்பி ஏறி, வலது கையை இழந்தான். அவன் வாரிய ஊழியர் இல்லை என்பதால் எங்கள் கணக்கிலேயே வரவில்லை. அவன் அம்மா மனுவோடு வந்து நின்ற நாள்கள் எனக்கு மறக்கவில்லை.

உங்களால் ஆனது ஒன்று இருக்கிறது. கட்டண உயர்வுக்கு முன் ஆணையம் பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தும். போங்கள். போவதற்கு முன் தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் ஊர் ஃபீடரின் 12 மாதக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள்: உள்ளே வந்த யூனிட், மீட்டர் பார்த்து விற்றது, உத்தேசமாக எழுதியது, மூன்றும் தனித்தனியாக. மழை மாதத்தை முதலில் பாருங்கள்.