உளுந்தில் மஞ்சள் தேமலைத் தாங்கும் ரகம்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, தேமலைத் தாங்கும் வம்பன் 8 உளுந்து விதைத்து 30 நாள் ஆகிறது. அங்கங்கே இலை மஞ்சளாகிறது. எதிர்ப்புத் திறன் போய்விட்டதா?

பதில்: முதலில் இலையைப் பாருங்கள். தேமலில் பளிச்சென்ற மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்திருக்கும். நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி மட்டும் கொழுந்திலிருந்து வெளுத்தால் அது இரும்புச் சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்துத் தெளியுங்கள். தேமல்தான், அதுவும் நூற்றுக்கு ஒன்றிரண்டு செடி என்றால் பெரும்பாலும் விதைக் கலப்பு. உடனே பிடுங்கிப் புதையுங்கள்.

கேள்வி: வடமாநில ரகம் இங்கே தாங்குமா?

பதில்: நம்பி இறங்காதீர்கள். வெள்ளை ஈதான் இரண்டு பக்கமும் தேமல் வைரஸைப் பரப்புகிறது. ஆனால் வடக்கே அதிகம் இருப்பது வேறு வைரஸ் இனம்.

கேள்வி: மாணவி நான். இரண்டு உளுந்து ரகங்களைக் கலக்க, கையால் மகரந்தம் தடவி ஒட்டுக் கட்டிய பூவெல்லாம் உதிர்கிறதே?

பதில்: மொட்டுத் தேர்வில்தான் பாதி வேலை இருக்கிறது, அம்மா. மறுநாள் காலை விரியப்போகும், மஞ்சள் தட்டத் தொடங்கிய மொட்டை மாலை 4 மணிக்கு மேல் எடுங்கள். உளுந்தில் பூ விரியும் முன்பே மகரந்தம் கொட்டிவிடும். மகரந்தத் தாள்களை மூடியிருக்கும் படகு இதழைக் கீறி, 10 மகரந்தத் தாள்களையும் ஊசிமுனை இடுக்கியால் எண்ணி எடுங்கள். ஒரு மகரந்தப் பை வெடித்திருந்தாலும் அந்த மொட்டு வேண்டாம். சூலகத்தில் இடுக்கி பட்டால் பிஞ்சு நிற்காது. மறுநாள் காலை 6 முதல் 8 மணிக்குள், அன்று விரிந்த ஆண் பூவின் மகரந்தத்தைத் தடவுங்கள். அதே கொத்தின் மற்ற மொட்டுகளைக் கிள்ளிவிடுங்கள். இல்லையென்றால் சத்து அங்கே போகும்.

கேள்வி: ஒட்டு விதையில் வந்த முதல் தலைமுறைச் செடி எல்லாமே மஞ்சளாகிவிட்டது. தோல்விதானா?

பதில்: தூக்கி எறிந்துவிடாதீர்கள்! எதிர்ப்பு ஒடுங்கு குணமாக (தாய், தந்தை இரண்டிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படும் குணமாக) இருந்தால் அப்படித்தான் வரும். விதையைக் காப்பாற்றுங்கள், இரண்டாம் தலைமுறையில் தாங்கும் செடி பிரியும். அங்கே சில நூறு செடியாவது வேண்டும்.

கேள்வி: தாங்குகிறது என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: சோதனை வரிசைகளுக்கு நடுவே, எளிதில் நோய் வாங்கும் கோ 5 ரகத்தை இடையிடையே விதையுங்கள். பூச்சிமருந்து கூடவே கூடாது. கோ 5 நன்றாக மஞ்சளாகாத பருவத்தின் கணக்கைத் தள்ளிவிடுங்கள். அன்று பச்சையாக நின்ற செடி எதிர்ப்பு உள்ளதல்ல, ஈ படாமல் தப்பியது. இந்தப் பிழையால் நல்ல வரிசையென்று எடுத்தது அடுத்த கோடையில் விழுந்துவிடும்.

கேள்வி: நிலக்கடலையில் துரு நோய்க்கும் டிக்கா இலைப்புள்ளி நோய்க்கும் எதிர்ப்பு எங்கிருந்து எடுப்பது?

பதில்: கர்நாடகத்தின் தார்வாடில் உருவான ஜி.பி.பி.டி. 4 ரகத்தை, எதிர்ப்பைக் கொடுக்கும் கொடையாளியாக எடுக்கலாம். அதன் எதிர்ப்பு காட்டுக் கடலை இனத்திலிருந்து வந்தது. இக்ரிசாட் (பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம்) அதை மரபணுக் குறியீடு பார்த்து, பின்கலப்பு (பழைய ரகத்தோடே திரும்பத் திரும்ப ஒட்டுக் கட்டுவது) மூலம் ஜே.எல். 24, டி.ஏ.ஜி. 24 ரகங்களுக்குள் கொண்டுவந்தது.