மண்டப வெளிச்சத்தில் கோடு விழுகிறதா? வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: உள்ளரங்கில் பட்மின்டன் படம் எடுத்தேன், ஷட்டர் (வெளிச்சத்தை உள்ளே விட்டு மூடுகிற திரை) வேகம் 1/1000 செக்கன். தொடராக எடுத்ததில் ஒன்று வெளிச்சம், அடுத்தது இருட்டு, இன்னொன்று மஞ்சள். திருத்துகிற கடையில் "ஷட்டர் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று முற்பணமும் வாங்கிவிட்டார்கள்.
– உவர்மலை

பதில்: மிச்சக் காசைக் கட்டாதீர்கள். கமராவை வாங்கி வந்து, பகல் வெயிலில் அதே 1/1000இல் ஒரு வெள்ளைச் சுவரை இருபது படம் தொடராக எடுங்கள். இருபதும் ஒரே மாதிரி வந்தால் ஷட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் படங்களைக் காட்டி முற்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். வெயிலில் ஒரு படம்கூட எடுத்துப் பார்க்காமல் விலை சொன்னவரிடம் கூச்சப்படத் தேவையில்லை.

குற்றம் விளக்கில். இலங்கையில் நம் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 50 சுற்று. ஒரு சுற்றில் இரண்டு உச்சம் என்பதால் விளக்கு செக்கனுக்கு 100 தரம் கூடிக் குறையும். ஒரு துடிப்புக்கு 10 மில்லிசெக்கன். உங்கள் 1/1000 அதில் பத்தில் ஒரு பங்கு. உச்சத்தில் அகப்பட்டால் வெளிச்சம், பள்ளத்தில் அகப்பட்டால் இருட்டு. டியூப் லைட், மெட்டல் ஹேலைட் போன்றவை மங்கும்போது நிறமும் மாறும். மஞ்சள் வந்தது அதனால். ஒரே படத்தில் பாதி வெளிச்சம் பாதி இருட்டாக வருவதும் உண்டு. 1/250 அளவைத் தாண்டினால் ஷட்டர் முழுசாகத் திறக்காது, ஒரு கீற்றாக ஓடும். அது ஓடி முடிவதற்குள் விளக்கு மங்கிவிடும்.

1/100 வைத்தால் ஒவ்வொரு படத்திலும் ஒரு முழுத் துடிப்பு விழும், எல்லாம் ஒன்றுபோல வரும். ஆனால் வீசுகிற றாக்கெட் கலங்கிப் போகும். ஆகவே மெனுவில் 'அன்டி ஃப்ளிக்கர்' (விளக்கின் துடிப்பைச் சமாளிக்கிற வசதி) இருந்தால் போடுங்கள். உச்சம் வரும்வரை கமரா காத்திருந்து எடுக்கும். தொடர் வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

கேள்வி: பேஸ்புக்கில் பார்த்து பழைய கனன் 700டி வாங்கினேன். பில் இல்லை. 'அன்டி ஃப்ளிக்கர்' வசதி அதில் இருக்கா?
– கிண்ணியா

பதில்: இல்லை. கனன் அதை 2014இல் 7டி மார்க் 2இல் கொண்டுவந்தது. உங்கள் வரிசையில் 2015இன் 750டியில்தான் வந்தது. காசு கொடுக்க முதல் கேட்கவேண்டிய கேள்வி, தம்பி. பில் இல்லாததற்கு என்னிடமும் மருந்து இல்லை.

கேள்வி: ஸ்டூடியோவுக்கு 12 எல்இடி குமிழ் வாங்கினேன். பெட்டியில் 'துடிப்பில்லாதது' என்று இருக்கிறது, படத்திலோ பட்டை பட்டையாக விழுகிறது. "எரியாவிட்டால் மட்டும்தான் மாற்றித் தருவோம்" என்கிறார் கடைக்காரர்.
– மூதூர்

பதில்: குமிழ்ப் பெட்டியில் வாட்ஸ் போடுவார்கள், லுமன் போடுவார்கள், எத்தனை ஆயிரம் மணித்தியாலம் எரியும் என்றும் போடுவார்கள். எவ்வளவு துடிக்கும் என்பதை மட்டும் போடமாட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 செப்டெம்பரில் இருந்து அதற்கு வரம்பு இருக்கிறது. இங்கே பெட்டியில் ஒரு சொல்லை அச்சடித்தால் போதும். என் மேசை விளக்கும் இந்தச் சாதிதான்; 'கண்ணுக்கு இதம்' என்று போட்டிருந்தது.

காரணம் ஒரு சின்ன உருளைக் கப்பாசிற்றர். கரண்டின் ஏற்ற இறக்கத்தை நிரவுவது அதுதான். விலை குறைக்க அதைச் சிறியதாகப் போடுவார்கள், சிலதில் போடவே மாட்டார்கள். நல்ல குமிழையும் மூடிய கூட்டுக்குள் மாட்டினால் சூட்டில் அது காய்ந்து, நாள் போகத் துடிக்கத் தொடங்கும்.

இனிமேல் கடையிலேயே பாருங்கள். மற்ற விளக்குகளை அணைக்கச் சொல்லி, குமிழை ஏற்றி, வெளிச்சம் விழுகிற வெள்ளைக் கடதாசியைப் போனின் புரோ மோட்டில் (ஷட்டர் வேகத்தை நாமே வைக்கிற முறை) 1/2000 வைத்து எடுங்கள். கறுப்புப் பட்டை விழுந்தால் வைத்துவிட்டு வாருங்கள். புரோ மோட் இல்லாத போனில் ஸ்லோமோஷன் வீடியோ போதும்.

உங்கள் 12க்கும் வழி உண்டு. பெட்டி, பற்றுச்சீட்டு, பட்டை விழுந்த படம் மூன்றையும் சேர்த்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் போகவேண்டும். இல்லாத குணத்தை இருப்பதாகச் சொல்லி விற்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். விசாரிக்க 1977க்கு அடிக்கலாம்.

கேள்வி: மணவறைக்குப் பின்னால் எல்இடி திரை. சத்தம் வராத (எலெக்ட்ரோனிக்) ஷட்டரில் எடுத்தால் மெல்லிய கோடுகள். புதுக் கமரா வாங்கவா?
– நிலாவெளி

பதில்: வேண்டாம். சத்தம் வருகிற ஷட்டருக்கு மாறி, வேகத்தை 1/100 அளவுக்கு இறக்குங்கள். ஐயரின் மந்திரத்துக்கும் மேளத்துக்கும் நடுவில் உங்கள் கிளிக் யாருக்குக் கேட்கப்போகிறது?

கேள்வி: கனடா மாமா தந்த கமரா. வீட்டுக்குள் வீடியோ எடுத்தால் பட்டை ஓடுகிறது. பழுதா?
– தம்பலகாமம்

பதில்: பழுதில்லை. கனடாவில் கரண்ட் 60 ஹேர்ட்ஸ், கமராவும் அதற்கேற்ப வைக்கப்பட்டிருக்கிறது. மெனுவில் 'என்டிஎஸ்சி' (NTSC, 60 ஹேர்ட்ஸுக்கான வீடியோ முறை) என்பதை 'பால்' (PAL, 50 ஹேர்ட்ஸுக்கானது) ஆக்கி, 25 அல்லது 50 பிரேமில், ஷட்டரை 1/50 அல்லது 1/100 வையுங்கள். சில கமராக்கள் இதை மாற்றும்போது கார்டை அழிக்கக் கேட்கும். இருக்கிற படங்களை முதலில் இறக்கிவிடுங்கள்.