விசிறிக் காற்றில் நல்ல நெல்லும் பறக்கிறதே, ஏன்?

தோவாளை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "வீட்டுத் தேவைக்கு வைத்திருக்கும் நெல்லை ஸ்டாண்டு ஃபேன் முன்னால் தூற்றுகிறேன். பதரோடு நல்ல நெல்லும் போய்விடுகிறது. வேகத்தைக் குறைத்தால் பதர் பொலியிலேயே, அதாவது நெற்குவியலிலேயே, விழுகிறது. பொடிக்கல்லோ போவதே இல்லை. என்ன செய்யலாம்?"

காற்று வெறும் எடையை மட்டும் பார்ப்பதில்லை. ஒரு மணி எவ்வளவு கனம், அது காற்றுக்கு எவ்வளவு முகம் காட்டுகிறது, இரண்டையும் சேர்த்துத்தான் தள்ளுகிறது. பதரும் நெல்லும் ஏறக்குறைய ஒரே அளவு. பதருக்குள் அரிசி இல்லை, அதனால் தூரம் போகிறது. கல்லின் கதை வேறு. அது நெல்லைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அடர்த்தி. நெல் அளவுள்ள கல் காலடியிலேயே விழும். நெல்லில் பாதித் தடிமன் உள்ள கல் நெல்லோடு சேர்ந்தே விழும். அதைக் காற்றால் பிரிக்க முடியாது. ஃபேன் போடும் முன்பே சல்லடையில் சலித்துவிடுங்கள்.

உங்கள் சிக்கலில் பாதி ஃபேனில்தான் இருக்கிறது. அதன் காற்று சுழன்று வரும். மோட்டாருக்கு நேரே மந்தம், சுற்றிலும் வேகம். பிவிசி குழாயை ஒரு சாண் துண்டுகளாக வெட்டி, இரு பக்கமும் திறந்த அட்டைப்பெட்டியில் நெருக்கமாக அடுக்கி ஃபேனுக்கு முன் வையுங்கள். சுழல் அடங்கிவிடும். இயற்கைக் காற்றே போதுமே என்பீர்கள். கன்னிப்பூ என்ற முதல் போக அறுப்பு நேரத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருவது காற்றாலைக்கு நல்லது, சுளகுக்கு அல்ல. விட்டு விட்டு அடிக்கும். கும்பப்பூ என்ற இரண்டாம் போகத்துக்கோ காற்றைத் தேடவேண்டும்.

அப்புறம், தூற்றும் கை. தோள் உயரத்திலிருந்து நெல் தரைக்கு வர அரை நொடிதான். காற்றின் வேலை முழுவதும் அதற்குள் முடியவேண்டும். மொத்தமாகக் கொட்டினால் முன்மணி பின்மணியை மறைத்துவிடும். சுளகை மெல்ல ஆட்டி, மெல்லிய திரைபோலச் சரியவிடுங்கள். இரண்டு குவியலாகப் பிரிக்கப் பார்க்காதீர்கள், மூன்றாகப் பிரியுங்கள். நடுக்குவியலை மட்டும் மறுபடி தூற்றினால் பறந்த நல்ல நெல் திரும்பக் கிடைக்கும். நெல் நன்றாகக் காய்ந்திருக்கவேண்டும், ஈரப் பதர் ஒட்டிக்கொண்டு வரும்.

அரைகுறையாக விளைந்த மணி கொஞ்சம் நல்ல நெல்லோடு தங்கத்தான் செய்யும். சாப்பாட்டுக்கு அது பரவாயில்லை. விதைநெல் என்றால் முட்டை மிதக்கும் அளவுக்கு உப்புக் கரைத்த நீரில் போட்டு, மிதப்பதை அள்ளி எறியுங்கள். மூழ்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டு விதைக்கலாம்.