சீரற்ற இதயத் துடிப்பு: மாத்திரை, கருவி, காப்பீடு வாங்குவோருக்கு – கேள்வி-பதில்

இதயத் துடிப்பு சீராக இல்லை என்று கண்டறியப்பட்டவர்களிடமிருந்தும் அவர்களின் பிள்ளைகளிடமிருந்தும் நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. மருந்துச் சீட்டில் ‘ஏஎஃப்’ என்று எழுதியிருக்கும், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். அங்கே தேங்கும் ரத்தம் கட்டியாக உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏஎஃப் உள்ளவருக்கு அந்த அபாயம் சுமார் ஐந்து மடங்கு அதிகம். அதனால்தான் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை தருகிறார்கள், பெரும்பாலும் ஆயுள் முழுக்க. யாருக்கு எந்த மருந்து என்பது டாக்டர் முடிவு செய்ய வேண்டியது. காசு கொடுத்து வாங்கும் இடத்தில் எழும் கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அப்பாவுக்கு 74 வயது. ரத்தம் உறையாமல் இருக்க அபிக்சபான் 5 மி.கி. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. டாக்டர் எழுதிய பிராண்டுக்கு மாதாமாதம் ஆகும் செலவு எங்களால் தாங்க முடியவில்லை. மெடிக்கல் ஷாப்பில் வேறு கம்பெனி மாத்திரை பாதிக்கும் குறைவான விலைக்குத் தருகிறேன் என்கிறார்கள். வாங்கலாமா? இல்லை, இரவு மாத்திரையை மட்டும் விட்டுவிடலாமா என்று அப்பா கேட்கிறார். (தஞ்சாவூர்)

இரண்டாவது யோசனையை முதலில் ஒதுக்கிவிடுவோம். அபிக்சபானின் வேலை ஏறக்குறைய அரை நாளில் பாதியாகக் குறைந்துவிடும். இரவு மாத்திரையை விட்டால் அன்று இரவிலிருந்தே பாதுகாப்பு குறைந்துகொண்டு வரும். செலவு பாதியாகும், உண்மைதான். மீதிப் பாதிக்குக் கொடுக்கும் காசும் வீண்தான். 5 மி.கி.க்குப் பதில் 2.5 மி.கி. வாங்கிக்கொள்வதும் அதே கதை. 80 வயதோ அதற்கு மேலோ, எடை 60 கிலோவோ அதற்குக் கீழோ, சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் 1.5 அல்லது அதற்கு மேல் – இந்த மூன்றில் இரண்டு பொருந்துகிறவர்களுக்குத்தான் வழக்கமாக அந்தக் குறைந்த அளவைத் தருவார்கள். அப்பாவின் எடையையும் கடைசி கிரியாட்டினின் அளவையும் சீட்டின் பின்புறமே எழுதி வையுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் பேச உதவும்.

இனி கம்பெனி மாற்றுவது. இந்தியாவில் அபிக்சபானின் காப்புரிமை 2022-இல் முடிந்தது. ரிவரோக்சபானுக்கு அதற்கும் முன்பே முடிந்துவிட்டது. அதன் பிறகு பல இந்திய நிறுவனங்கள் இவற்றைத் தயாரிக்கின்றன. விலை வெகுவாக இறங்கியதும் அதனால்தான். ஆகவே விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காகச் சந்தேகப்பட வேண்டாம். டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாறலாம். மத்திய அரசின் மக்கள் மருந்தகத்திலும் விசாரியுங்கள். தமிழக அரசு 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் கேட்டுப் பார்க்கலாம். கிளம்பும் முன் போன் செய்து ‘அபிக்சபான் 5 இருக்கிறதா, அடுத்த மாதமும் கிடைக்குமா’ என்று கேட்டுவிடுங்கள். என் கணக்கில் இரண்டாவது கேள்விதான் முக்கியம். ஒரு மாதம் மலிவாகக் கிடைத்து, அடுத்த மாதம் ‘ஸ்டாக் வரவில்லை, நாளை மறுநாள் வாங்க’ என்று கேட்டு நிற்பதைவிட, கொஞ்சம் கூடுதல் விலையில் தடையில்லாமல் கிடைப்பது மேல். எப்போதும் இரண்டு வாரத்துக்கான மாத்திரை கையில் மிச்சம் இருக்கட்டும்.

கம்பெனி மாறும்போது வீட்டில் ஒரு குழப்பம் நடக்கும். பழைய அட்டை அலமாரியில் இருக்கும், புதிய அட்டை மேஜையில் இருக்கும், பெயர்கள் வேறு வேறு. பெரியவர் இரண்டும் வெவ்வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் போட்டுக்கொள்வார். பிராண்ட் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். அது ஒன்றாக இருந்தால் மருந்து ஒன்றே. பழையதைத் தீர்த்துவிட்டு, அல்லது தனியே எடுத்து வைத்துவிட்டுப் புதியதைத் தொடங்குங்கள்.

கடைக்காரர் ‘அது இல்லை, இதுவும் அதே மாதிரிதான்’ என்று ரிவரோக்சபானை நீட்டினால் வாங்காதீர்கள். இரண்டும் ஒரே வகை மருந்துகள்தான், ஆனால் ஒன்றுக்கு ஒன்று மாற்று ஆகாது. அபிக்சபான் தினம் இரண்டு வேளை, சாப்பாட்டுக்கு முன்னும் போடலாம், பின்னும் போடலாம். ஏஎஃப்புக்குத் தரும் ரிவரோக்சபான் தினம் ஒரு வேளை, அதைச் சாப்பாட்டோடு போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. டாபிகாட்ரான் என்ற காப்ஸ்யூலுக்கு இன்னொரு நிபந்தனை உண்டு: ஈரம் பட்டால் கெட்டுவிடும். கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டியில் பிரித்துப் போட்டு வைக்கக் கூடாது, பிரித்துத் தூளை மட்டும் விழுங்கவும் கூடாது.

விலை ஒப்பிட, தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்தின் ‘பார்மா சஹி தாம்’ செயலி போனில் கிடைக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளின் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. பில்லில் அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

எனக்குப் பத்து வருடங்களுக்கு முன் இதயத்தில் உலோக வால்வு பொருத்தினார்கள். ரத்தம் உறையாமல் இருக்க அசெனோகூமரால் சாப்பிட்டு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனைக்கு மாதாமாதம் அலைகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் ரத்தப் பரிசோதனையே தேவைப்படாத புது மாத்திரை சாப்பிடுகிறார். கூடுதல் காசு கொடுத்தாவது நானும் அதற்கு மாறலாமா? (திருநெல்வேலி)

மாறாதீர்கள். இது காசு கொடுத்து வாங்கும் வசதி கிடையாது. உலோக வால்வு உள்ளவர்களுக்கு அபிக்சபான், ரிவரோக்சபான், டாபிகாட்ரான் என்ற புதிய மாத்திரைகள் ஆகாது. சோதித்துப் பார்த்தபோது ரத்தக் கட்டியும் கசிவும் கூடின, ஆய்வையே நிறுத்தினார்கள். ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கியவர்களுக்கும் அசெனோகூமரால், வார்ஃபரின் போன்ற பழைய மாத்திரைதான். நம் ஊரில் அப்படிப்பட்ட நோயாளிகள் கணிசம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு வால்வு நன்றாக இருக்கலாம்; அவர் கதை வேறு.

உங்கள் அலைச்சலைக் குறைக்க வழி இருக்கிறது. சர்க்கரை பார்க்கும் கருவி மாதிரியே விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தத்தில் ஐஎன்ஆர் காட்டும் கருவி விற்கிறார்கள். கருவியின் விலையைவிட, அதில் செருகும் ஸ்ட்ரிப்பின் விலையை முதலில் கேளுங்கள், ஏனென்றால் நீங்கள் வருடக்கணக்கில் வாங்கப்போவது அதைத்தான். ஒரு ஸ்ட்ரிப்பின் விலையையும், நீங்கள் போகும் லேபில் ஒரு பரிசோதனைக்கும் பஸ்ஸுக்கும் ஆகும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஸ்ட்ரிப் உங்கள் ஊரிலேயே கிடைக்குமா, காலாவதி எப்போது, எந்த வெப்பத்துக்குள் வைக்க வேண்டும் என்றும் விசாரியுங்கள். சித்திரை வெயிலில் பூட்டிய வீட்டுக்குள் கிடந்தால் ஸ்ட்ரிப் கெட்டுப்போகும். வாங்கியதும் ஒரே நாளில் லேபிலும் கருவியிலும் பார்த்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். எண்ணைப் பார்த்து மாத்திரை அளவை நீங்களே ஏற்றி இறக்கக் கூடாது. செயற்கை வால்வு இல்லாத ஏஎஃப் நோயாளிக்கு வழக்கமான ஐஎன்ஆர் இலக்கு 2 முதல் 3 வரை. உங்களைப் போல உலோக வால்வு உள்ளவர்களுக்குச் சில சமயம் அதைவிடக் கூடுதல். உங்கள் இலக்கை டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று. அசெனோகூமராலும் வார்ஃபரினும் ஒரே குடும்பம், ஆனால் ஒன்றின் 2 மி.கி. இன்னொன்றின் 2 மி.கி. ஆகாது. கடையில் மாற்றிக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இந்த இரண்டில் மட்டும், பழகிய பிராண்டையே தொடர்வது நல்லது. மாற்றியே ஆக வேண்டுமென்றால் டாக்டரிடம் சொல்லி, ஐஎன்ஆரைச் சீக்கிரமே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

வார்ஃபரின் எலி மருந்து என்கிறார்களே, உண்மையா? கீரையை அடியோடு விட வேண்டுமா? (சேலம்)

உண்மைதான். அமெரிக்காவில் 1948-இல் எலிக்கொல்லியாகத்தான் விற்பனைக்கு வந்தது. 1954-இல் மனிதருக்கு அனுமதி கிடைத்தது. மறு வருடம் மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கும் அதைத்தான் கொடுத்தார்கள். எவ்வளவு என்பதுதான் விஷயம், அந்த ‘எவ்வளவு’வைப் பார்க்கத்தான் ஐஎன்ஆர்.

கீரையை விட வேண்டாம். கீரையில் இருக்கும் வைட்டமின் கே இந்த மருந்தின் வேகத்தைக் குறைக்கும். வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரை என்றால் வாரா வாரம் அதே இரண்டு நாள். ஒரு மாதம் தினமும் சாப்பிட்டு அடுத்த மாதம் தொடாமல் விடுவதுதான் சிக்கல். புதிய மாத்திரைகளுக்கு இந்தக் கீரைக் கணக்கே கிடையாது.

கீரையைவிட நான் பயப்படுவது கடையில் வாங்கும் ‘செட் மாத்திரை’க்கு. உடம்பு வலி, காய்ச்சல் என்றதும் நாலைந்து மாத்திரையை அட்டையிலிருந்து வெட்டி, காகிதத்தில் மடித்து ‘ஒரு வேளைக்கு ஒரு செட்’ என்று தருவார்கள். அதில் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரை இருக்க நிறைய வாய்ப்பு. பழையதோ புதியதோ, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் அவற்றைச் சேர்த்துப் போட்டால் வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம். மலம் கறுப்பாகத் தார் போலப் போனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பெயர் தெரியாத மாத்திரையை வாங்காதீர்கள். ‘இயற்கை’ என்று விற்கும் பூண்டு காப்ஸ்யூல், மஞ்சள் சத்து காப்ஸ்யூல், மீன் எண்ணெய் மாத்திரை எல்லாவற்றையும் டாக்டரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள். சமையலில் போடும் பூண்டுக்கும் மஞ்சளுக்கும் இந்தப் பயம் வேண்டாம்.

அம்மாவுக்கு ஏஎஃப். ஈசிஜி பார்க்கும் ஸ்மார்ட் வாட்ச் வாங்கித் தரலாம் என்று இருக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது? (கோயம்புத்தூர்)

ஆசை புரிகிறது. ஆனால் அம்மாவுக்கு ஏஎஃப் என்பது ஏற்கெனவே உறுதியாகிவிட்டது, மாத்திரையும் ஓடுகிறது. வாட்ச் தினமும் ‘துடிப்பு சீரில்லை’ என்று சொன்னால் அதை வைத்து நீங்கள் என்ன செய்வீர்கள்? பயம்தான் கூடும். எப்போதாவது படபடப்பு வந்து, ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் அடங்கிவிடுகிறது, ஈசிஜியில் சிக்கவில்லை என்கிறவர்களுக்கு இந்த வாட்ச் நிஜமாகவே பயன்படும். அப்படியே வாங்கினாலும், மணிக்கட்டுக்கு அடியில் பச்சை விளக்கு மட்டும் எரியும் வாட்ச் நாடித் துடிப்பை ஊகிக்கிறது, அவ்வளவுதான். ஈசிஜி வாட்சில் மறு கையின் விரலை அதன் மேல் சுமார் அரை நிமிடம் வைக்கச் சொல்லும். மலிவு விலை வாட்ச் பெட்டியில் ‘ஈசிஜி’ என்று அச்சடித்திருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். அந்த மாடலில் அந்த வசதி இந்தியாவில் வேலை செய்கிறதா, அம்மாவின் போனோடு சேருமா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். மாரடைப்பை இது கண்டுபிடிக்காது.

என்னைக் கேட்டால் அந்தக் காசில் மேல் கையில் கட்டும் நல்ல பிபி மெஷின் ஒன்று வாங்குவேன். ஏஎஃப் உள்ளவருக்கு ஒரு துடிப்பு பலமாகவும் அடுத்தது பலவீனமாகவும் இருக்கும் என்பதால் ஒரே ஒரு அளவை நம்ப முடியாது. ஒரு நிமிடம் விட்டு மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள். கைச் சுற்றளவுக்கு ஏற்ற பட்டையா என்பதைக் கடையிலேயே கட்டிப் பார்த்து வாங்குங்கள்.

ஆன்லைனில் மூன்று மாத மாத்திரை வாங்கினேன். வந்த அட்டைகளில் காலாவதிக்கு இரண்டு மாதம்தான் பாக்கி. திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள். (சென்னை)

காலாவதி ஆகாத மருந்தை விற்பது குற்றமில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் பேசுகிறார்கள். ஆனால் மூன்று மாதத்துக்கு என்று தெரிந்தே ஆர்டரை எடுத்து, மூன்றாவது மாதம் பயன்படாத சரக்கை அனுப்பியது சேவைக் குறைபாடு என்று வாதிட இடம் இருக்கிறது. அட்டையின் இரு பக்கத்தையும், தொகுதி எண்ணும் தேதியும் தெரியும்படி படம் எடுங்கள். பில்லோடு முதலில் எழுத்தில் புகார் அனுப்புங்கள்; போனில் பேசியது கணக்கில் வராது. பதில் சரியில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

அடுத்த முறை பெட்டியை வாங்கியதும், டெலிவரிப் பையன் போவதற்குள் தேதியைப் பார்த்துவிடுங்கள். கடையில் அட்டையை வெட்டித் தந்தால், தேதி அச்சிட்ட துண்டு உங்கள் பக்கம் வர வேண்டும் என்று கேளுங்கள்.

ஏஎஃப் இருக்கிறது என்று சொன்னால் மெடிக்கல் இன்சூரன்ஸ் தர மாட்டார்கள், மறைத்துவிடு என்கிறார் ஏஜென்ட். (மதுரை)

மறைக்காதீர்கள். பின்னால் பக்கவாதமோ ரத்தக் கசிவோ வந்து படுத்தால், ஆஸ்பத்திரியின் கேஸ் ஷீட்டில் ‘மூன்று வருடமாக அபிக்சபான் சாப்பிடுகிறார்’ என்ற ஒரு வரி போதும், கிளெய்மைத் தள்ளிவிடுவார்கள். ஏஜென்டுக்கு அதற்குள் கமிஷன் வந்திருக்கும்.

2024-இல் வந்த விதிமுறைப்படி, ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் தராமல் காத்திருக்க வைக்கும் காலம் அதிகபட்சம் மூன்று வருடம். ஒரு நிறுவனம் மறுத்தால் இன்னொன்றைக் கேளுங்கள், பிரீமியம் கூடலாம். தனிநபர் மெடிக்கல் பாலிசிக்கு ஜிஎஸ்டி இப்போது இல்லை என்பதால் அந்த வகையில் கொஞ்சம் மிச்சம். ஆனால் மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கும் ஐஎன்ஆர் செலவுக்கும் சாதாரண பாலிசியில் பணம் வராது. ‘ஓபிடி’, அதாவது ஆஸ்பத்திரியில் படுக்காமல் பார்க்கும் வைத்தியச் செலவும் சேர்த்த பாலிசி என்று விற்றால், வருடத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு தருவார்கள் என்று கேட்டு, அதற்காகக் கூடும் பிரீமியத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தொகையாக இருந்தால் அந்தப் பணத்தை நீங்களே மாத்திரைக்கென்று தனியாக எடுத்து வைக்கலாம்.