மயக்க மருந்து இல்லாத காலத்தில் ஒரு சினைப்பை அறுவை: டாக்டர் மெக்டவல் பற்றிய கேள்விகள்

கேள்வி: டாக்டர், சினைப்பைக் கட்டியை முதலில் அறுத்து எடுத்து நோயாளியைப் பிழைக்க வைத்த எஃப்ராயிம் மெக்டவல் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவரா?

பதில்: இல்லை. 1771இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பிறந்தவர். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஜான் பெல் என்ற அறுவை மருத்துவரிடம் பாடம் கேட்டார், பட்டம் வாங்கவில்லை. திரும்பி வந்து கென்டக்கியில் டான்வில் என்ற சிற்றூரில் வைத்தியம் பார்த்தார்.

கேள்வி: அன்று நடந்ததை விவரமாகச் சொல்ல முடியுமா?

பதில்: 1809 டிசம்பர். நோயாளி ஜேன் டாட் கிராஃபோர்டுக்கு வயது 46. வயிறு பெருத்திருந்ததால் உள்ளூர் வைத்தியர்கள் கர்ப்பம் என்றே நினைத்திருந்தார்கள். மெக்டவல் கைவைத்துப் பார்த்து, கட்டி என்றார். இதுவரை இப்படி யாரும் பிழைத்ததில்லை, இது ஒரு சோதனை முயற்சிதான் என்பதையும் மறைக்காமல் சொன்னார். டான்வில்லுக்கு வந்தால் செய்கிறேன் என்றார். அந்த அம்மா குதிரையேறி சுமார் 60 மைல் வந்தார். குளிர்காலம், வயிற்றில் பத்து கிலோ சுமை.

வயிற்றின் இடப்பக்கம் 9 அங்குலம் கீறினார். குடல் மேஜைமேல் சரிந்தது. கட்டியை ஒரே துண்டாக எடுக்க முடியவில்லை; கருப்பைக்குப் பக்கத்தில் கருக்குழாயை நூலால் இறுக்கிக் கட்டிவிட்டு, கட்டியைத் திறந்து 15 பவுண்டு கூழை வெளியேற்றினார். பிறகு எடுத்த பை மட்டும் ஏழரை பவுண்டு. மொத்தம் 25 நிமிடம். மயக்க மருந்தே கிடையாது; ஈதர் என்ற மயக்க மருந்து உலகுக்குத் தெரிய வந்ததே 1846இல்தான். கத்தி பிடித்தவரின் துணிச்சலைப் பற்றி நிறையப் பேசுகிறோம். படுத்திருந்தவரின் துணிச்சல் அதைவிடப் பெரிது என்பேன்.

கேள்வி: கிருமி பற்றியே தெரியாத காலத்தில் எப்படிப் பிழைத்தார்?

பதில்: தைப்பதற்கு முன் இடப்பக்கம் சாய்த்து, உள்ளே தேங்கிய ரத்தத்தை வடியவிட்டார். அது மிக நல்ல முடிவு. பல நோயாளிகளின் சீழ் கலந்த ஆஸ்பத்திரி வார்டில் இல்லாமல் வீட்டில் செய்ததும் உதவியிருக்கும் என்பது என் கருத்து. ஐந்தாம் நாள் பார்க்கப் போனால் அந்த அம்மா தன் படுக்கையைத் தானே சரிசெய்துகொண்டிருந்தாராம்! 25ஆம் நாள் ஊர் திரும்பினார்.

கேள்வி: டாக்டரைத் தூக்கிலிட வெளியே கும்பல் காத்திருந்ததாமே?

பதில்: மெக்டவல் பின்னால் எழுதிய அறிக்கையில் அப்படி ஒன்றும் இல்லை. கதையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மற்ற மருத்துவர்கள் உடனே ஏற்றுக்கொண்டார்களா?

பதில்: 1817இல்தான் இதையும் சேர்த்து மூன்று அறுவைகளைப் பற்றி அறிக்கை எழுதினார். லண்டன் பத்திரிகை ஆசிரியர் ஜேம்ஸ் ஜான்சன் நம்பவில்லை. பின்னால் கடவுளிடமும் மெக்டவலிடமும் மன்னிப்புக் கேட்டு எழுதினார். எனக்கு உறுத்துவது வேறு. மற்ற இருவரும் கறுப்பினப் பெண்கள். கிராஃபோர்டு என்ற பெயர் அறிக்கையில் இருக்கிறது. அவர்கள் பெயர் இல்லை. அதே வலியைத்தானே அவர்களும் தாங்கினார்கள்?

கேள்வி: ஜேன் அதன்பிறகு எத்தனை வருஷம் இருந்தார்?

பதில்: 32 வருஷம். மெக்டவல் 1830இல் இறந்துவிட்டார். ஜேன் 1842 வரை, 78 வயது வரை வாழ்ந்தார்.